கறியைப் பார்த்துச் சாஸ், தணலைப் பார்த்துத் தூரிகை: பார்பிக்யூ சாஸ் முழுமையான வழிகாட்டி

வட கரோலைனாவுக்குக் குடிவந்த முதல் கோடையில், எங்கள் குடியிருப்பின் பொதுக் கரி அடுப்பில் கோழிக்கால் சுட முயன்றேன். கடையில் வாங்கிய பார்பிக்யூ சாஸை ஒரு பாட்டில் முழுவதும் கோழிமேல் கவிழ்த்து, இரவெல்லாம் ஊறவைத்தேன். மறுநாள் தணல் செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தபோது, சாஸ் சொட்டச் சொட்ட எடுத்துக் கம்பிமேல் அடுக்கினேன். பத்து நிமிடத்தில் தோல் தார் பூசியதுபோல் ஆகிவிட்டது. கத்தியால் கீறினால் எலும்போரம் இளஞ்சிவப்பாக நீர் கசிகிறது. பக்கத்து அடுப்பில் நின்றிருந்த உள்ளூர் முதியவர் எட்டிப் பார்த்தார். "கோழியைச் சுடவில்லை நீங்கள், சர்க்கரையைச் சுட்டிருக்கிறீர்கள்" என்றார்.

அவர் சொன்னது அவமானமாக இருந்தாலும் அதற்குள் பாதிப் பாடம் இருந்தது. சாஸ் ஊறவைக்கும் மசாலா அல்ல. நம் ஊர்க் கைப்பழக்கத்தில் எதையும் தடவி ஊறவைத்துத்தான் அடுப்பில் ஏற்றுவோம். தந்தூரிக்கோ மிளகாய் வறுவலுக்கோ அது சரி. பார்பிக்யூ சாஸ் கடைசியில் வர வேண்டியது, தாளிப்பைப் போல. மீதிப் பாதிப் பாடம், எந்தக் கறிக்கு எந்தச் சாஸ் என்பது. அதைக் கற்க எனக்கு இன்னும் சில கோடைகள் பிடித்தன.

எந்தச் சாஸ் எந்த ஊருக்குச் சொந்தம்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் தகதகக்கும் தணலில் பர்கர் சுடுவதைப் பார்பிக்யூ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது கிரில். பார்பிக்யூ என்றால் 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், விறகுப் புகையில், மணிக்கணக்கில் கறியை வேகவிடுவது. குழி தோண்டி, விறகை எரித்துத் தணலாக்கி, இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துக்கொள்ளும் இந்தக் கலையைத் தென்மாநிலங்களில் தோளில் சுமந்து வளர்த்தவர்கள் அடிமைப்படுத்தப்பட்டிருந்த ஆப்பிரிக்க அமெரிக்கச் சமையற்காரர்களே. ஒவ்வொரு வட்டாரமும் தன்னிடம் கிடைத்த கறிக்கு ஏற்பச் சாஸை அமைத்துக்கொண்டது. ஆகவே கடையில் இருபது பாட்டில்களின் முன் திகைத்து நிற்கும்போது, எந்த ஊர் என்று பார்ப்பதைவிட அந்த ஊரில் எதைச் சுட்டார்கள் என்று பார்ப்பது பயன் தரும்.

வட கரோலைனாவின் கிழக்குப் பகுதியில் முழுப் பன்றியைச் சுடுவார்கள். சாஸ் என்பது வினிகர், உப்பு, மிளகாய்ச் செதில், மிளகு. தக்காளியின் நிழல்கூட விழாது. தண்ணீர்போல் இருக்கும், முதன்முறை பார்ப்பவர் 'இதுவா சாஸ்' என்பார். உதிர்த்த பன்றிக்கறியில் இதைத் தெளித்துப் பிசைந்து ஒரு வாய் வைத்தால், கொழுப்பின் திகட்டலைப் புளிப்பு எப்படி வெட்டுகிறது என்பது புரியும். அதே மாநிலத்தின் மேற்குப் பக்கம், லெக்சிங்டன் ஊரைச் சுற்றி, முழுப் பன்றிக்குப் பதில் தோள்பட்டைக் கறி மட்டும். வினிகரில் கொஞ்சம் கெட்சப்பும் சர்க்கரையும் சேரும். இந்த இரு பக்கத்தாருக்கும் இடையே நடக்கும் வாக்குவாதத்தில் வெளியூர்க்காரர் தலையிடாமல் இருப்பது நல்லது.

தென் கரோலைனாவில் கடுகு. 18ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மானியர் கொண்டுவந்த பழக்கம் என்பார்கள். மஞ்சள் நிறத்தில், கடுகின் நெடியும் இனிப்பும் புளிப்பும் சேர்ந்து வரும்.

கான்சஸ் சிட்டியின் கதை கொஞ்சம் விரிவானது. டென்னசி மாநிலத்தில் மெம்பிஸ் பக்கம் பிறந்த ஹென்றி பெர்ரி, 1908 வாக்கில் கான்சஸ் சிட்டியில் கறி சுட்டுச் செய்தித்தாளில் பொதிந்து விற்கத் தொடங்கினார். அவருடைய சாஸ் காரசாரமானது, இனிப்புக்கு அதில் பெரிய இடமில்லை. அவரிடம் வேலை பார்த்த சார்லி பிரையன்ட் கடையை ஏற்றுக்கொண்டார். பிறகு அவருடைய சகோதரர் ஆர்தர் பிரையன்ட் நடத்தினார். இன்று உலகம் முழுவதும் 'பார்பிக்யூ சாஸ்' என்றாலே நினைவுக்கு வரும் கெட்டியான, கருஞ்சிவப்பான, மொலாசஸ் என்னும் கறுப்புக் கரும்புப் பாகு மணக்கும் இனிப்புச் சாஸ் பின்னால் வந்தது. ரிச் டேவிஸ் என்ற குழந்தைகள் மனநல மருத்துவர் 1977இல் கான்சஸ் சிட்டியில் விற்பனைக்குக் கொண்டுவந்த கே.சி. மாஸ்டர்பீஸ்தான் அந்த இனிப்புச் சாஸை நாடெங்கும் கொண்டுசேர்த்தது. பாரம்பரியம் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி நம் வயதுதான் இருக்கும்.

டெக்சஸின் நடுப்பகுதியில் சாஸே வேண்டாம் என்பவர்கள் உண்டு. லாக்ஹார்ட் ஊரில் 1900இல் தொடங்கிய கிராய்ட்ஸ் மார்க்கெட் 'சாஸ் கிடையாது, முள்கரண்டி கிடையாது' என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொண்ட கடை. பிரிஸ்கெட் எனப்படும் மாட்டின் நெஞ்சுக்கறிக்கு உப்பு, மிளகு, ஓக் விறகின் புகை போதும் என்பது அவர்கள் கட்சி. நல்ல பிரிஸ்கெட் கிடைத்தால் நானும் அந்தக் கட்சிதான்.

அலபாமாவின் டெகேட்டர் ஊரில் பாப் கிப்சன் 1920களில் செய்யத் தொடங்கிய வெள்ளைச் சாஸ் தனி ரகம். மயோனைஸ், வினிகர், மிளகு. புகையில் வெந்த கோழியை அதில் முக்கி எடுப்பார்கள். கேட்டால் முகம் சுளிப்போம், தின்றால் கேள்வி கேட்க மாட்டோம்.

கடைசியாக, தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஊர் ஒன்று: கென்டக்கி மாநிலத்தில் ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள ஓவன்ஸ்பரோ. அங்கே பார்பிக்யூ என்றால் முதிர்ந்த செம்மறி ஆட்டுக்கறி. அதன்மேல் ஊற்றும் கறுப்பு நீர்ச் சாஸின் அடித்தளம் வூஸ்டர் சாஸ். இங்கிலாந்தின் வூஸ்டர் நகரத்தில் லீ, பெரின்ஸ் என்ற இரு மருந்துக்கடைக்காரர்கள் 1837இல் விற்கத் தொடங்கிய அந்தச் சாஸில் நெத்திலி மீன், வினிகர் இவற்றோடு நம்முடைய புளியும் இருக்கிறது. ஆட்டுக்கறியின் வீச்சத்தைப் புளியும் மிளகும் அடக்கும் என்பது நமக்குப் புதுச் செய்தியா?

தேர்வு: கொழுப்பு, வெப்பம், அப்புறம் நாக்கு

கடையில் வாங்கினாலும் வீட்டில் செய்தாலும் நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இரண்டே.

முதலாவது, கறியில் கொழுப்பு எவ்வளவு? கொழுப்பு மிகுந்த பன்றித் தோள்பட்டை, விலா, செம்மறி ஆட்டுக்கறி இவற்றுக்குப் புளிப்பு முன்னே நிற்கும் சாஸ் வேண்டும். கொழுப்பு குறைந்த கோழி நெஞ்சுக்கறி, பன்றியின் முதுகுத் துண்டு ஆகியவற்றுக்குச் சாஸே கொஞ்சம் நெய்ப்பையும் இனிப்பையும் தர வேண்டும். வெண்ணெய் சேர்ந்த கான்சஸ் சிட்டி வகையோ வெள்ளைச் சாஸோ அங்கே பொருந்தும். கோழித் தொடையும் காலும் நடுநிலையானவை. எதை ஊற்றினாலும் கோபித்துக்கொள்ளாது.

இரண்டாவது, சாஸ் தணலுக்கு மேல் போகப் போகிறதா, தட்டில்தான் சேரப் போகிறதா? தட்டில் ஊற்றிக்கொள்வதானால் எத்தனை இனிப்பும் இருக்கலாம். தணலுக்குப் போவதானால் சர்க்கரையின் அளவைப் பார்த்தே ஆக வேண்டும். சாஸில் நீர் இருக்கும்வரை அதன் வெப்பம் 100 டிகிரி பக்கமே நிற்கும். நீர் வற்றியதும் சட்டென ஏறும். தேனிலும், பாட்டில் சாஸ்களில் சேரும் ஃப்ரக்டோஸ் மிகுந்த சோளப் பாகிலும் உள்ள ஃப்ரக்டோஸ் ஏறக்குறைய 110 டிகிரியிலேயே நிறம் மாறத் தொடங்கும். சாதாரணச் சர்க்கரை 160 வரை தாக்குப்பிடிக்கும். நேர்த் தணலுக்கு மேலுள்ள கம்பியோ 250 டிகிரியைத் தாண்டியிருக்கும். என் கோழி தாராக மாறியதன் மர்மம் இவ்வளவுதான்.

பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். சேர்மானங்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சாகியிருக்கும். முதல் பெயர் சோளப் பாகு என்றிருந்தால் அது கடைசி ஐந்து நிமிடத்துக்கான மெருகு. முதல் பெயர் வினிகர் என்றால் தொடக்கத்திலிருந்தே தெளிக்கலாம். தக்காளி விழுது என்றால் நடுவில். இரண்டு மேசைக்கரண்டிக்கு 16 கிராம் சர்க்கரை உள்ள பாட்டில்களும் அலமாரியில் உண்டு. அப்படியானால் பாட்டிலில் கிட்டத்தட்ட பாதி சர்க்கரை. 'புகைமணம்' என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருந்தால் பெரும்பாலும் திரவப் புகை சேர்ந்திருக்கும். விறகுப் புகையைக் குளிர்வித்து நீரில் பிடிப்பதுதான் அது. ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் கரியிலேயே சுடப்போகிறீர்கள் என்றால் எதற்கு?

அடிப்படைச் சாஸ்: படிப்படியாக

கான்சஸ் சிட்டி வகையை முதலில் கற்றுக்கொள்வது நல்லது. மற்றவற்றை எல்லாம் அதிலிருந்து கழித்தோ கூட்டியோ பெறலாம். கீழே உள்ள அளவு மூன்று கிலோ கறிக்குத் தாராளம். கப் என்பது 240 மில்லி, மேசைக்கரண்டி 15, தேக்கரண்டி 5.

கெட்சப் 2 கப். ஆப்பிள் வினிகர் அரைக் கப். தண்ணீர் அரைக் கப். பழுப்புச் சர்க்கரை மூன்றில் ஒரு பங்கு கப். மொலாசஸ் கால் கப். வூஸ்டர் சாஸ் 2 மேசைக்கரண்டி. மஞ்சள் பாட்டிலில் வரும் மஸ்டர்ட் விழுது 1 மேசைக்கரண்டி. வெண்ணெய் 2 மேசைக்கரண்டி. நடுத்தர வெங்காயம் 1, பூண்டு 3 பல். புகையூட்டிய மிளகாய்ப்பொடியான ஸ்மோக்ட் பாப்ரிகா 2 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி, கரகரப்பாகப் பொடித்த மிளகு 1 தேக்கரண்டி. உப்பு கடைசியில்.

ஊரில் இருப்பவர்களுக்கு மாற்றுகள் சொல்லிவிடுகிறேன். மொலாசஸ் என்பது கரும்புச் சர்க்கரை காய்ச்சும்போது மிஞ்சும் கறுப்புப் பாகு. கிடைக்காவிட்டால் நன்கு கறுத்த கரும்பு வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டிப் பாகாக்கிக்கொள்ளுங்கள். மொலாசஸின் மெல்லிய கசப்பு அதில் வராது என்றாலும் மோசமில்லை. பழுப்புச் சர்க்கரைக்கு நாட்டுச் சர்க்கரை அப்படியே பொருந்தும். பாப்ரிகாவுக்குக் காஷ்மீர் மிளகாய்த்தூள், நிறத்துக்கு நிறமும் ஆகும், காரமும் மிதமாக இருக்கும். வினிகர்தான் கவனிக்க வேண்டியது. மளிகைக்கடையில் கிடைக்கும் நிறமற்ற செயற்கை வினிகர் மூக்கைத் துளைக்கும். பழ மணம் இருக்காது. ஆப்பிள் வினிகர் கிடைக்காதபோது நான் அந்த வினிகரைப் பாதி அளவு எடுத்து, மீதிக்குக் கெட்டியான புளிக்கரைசல் சேர்ப்பேன். வூஸ்டர் சாஸில் இருப்பதும் புளிதானே.

முதலில் வெங்காயத்தைத் துருவுங்கள். நறுக்கினால் சாஸில் துண்டு துண்டாக நிற்கும், தூரிகையில் ஒட்டும், தணலில் அந்தத் துண்டுகள்தான் முதலில் கருகும். அடி கனமான பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி, துருவலை மிதமான தீயில் எட்டுப் பத்து நிமிடம் வதக்குங்கள். ஈரம் வற்றி, துருவல் ஒன்றுசேர்ந்து, பாத்திரத்தின் ஓரத்தில் லேசாகப் பொன்னிறம் காட்டும். பச்சை வாடை போய் ஒரு தித்திப்பு மணம் எழும். அப்போது பூண்டை நசுக்கிப் போட்டு ஒரு கிளறு.

அடுத்து தீயைக் குறைத்துப் பொடிகளைக் கொழுப்பில் போடுங்கள். அரை நிமிடம் போதும். நம் வீட்டுக் குழம்பில் மிளகாய்த்தூளை எண்ணெயில் போட்டு நிறம் எடுக்கும் அதே வித்தை. பல செய்முறைகளில் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கொதிக்கவிடச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் பொடியின் மாவுத்தன்மை நாக்கில் கடைசிவரை நிற்கும். பொடி கருகுவதுபோல் தோன்றினால் தயங்காமல் வினிகரை ஊற்றிவிடுங்கள். அதுதான் எப்படியும் அடுத்த படி.

வினிகரை ஊற்றும்போது முகத்தைப் பாத்திரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். சூட்டில் எழும் ஆவி கண்ணையும் தொண்டையையும் ஒருசேரப் பிடிக்கும். ஜன்னலைத் திறந்துவையுங்கள். வினிகர் அடியில் ஒட்டியதைச் சுரண்டி எடுத்ததும் சர்க்கரை, மொலாசஸ் சேர்த்துக் கரையவிடுங்கள். பிறகு கெட்சப், தண்ணீர், மஸ்டர்ட், வூஸ்டர் சாஸ்.

இனி கொதி. தீயை நன்றாகக் குறைத்து, மூடியைச் சாய்த்து வைத்து, 25 முதல் 30 நிமிடம். இந்தச் சாஸ் கொதிக்கும்போது கேழ்வரகுக் களி கிண்டுவதுபோல் 'பொளக் பொளக்' என்று துப்பும், கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டைக் கரண்டியால் அடிவரை கிளறுங்கள். அடிப்பிடித்தால் கிளறிக் காப்பாற்ற முயலாதீர்கள். மேலே உள்ளதை மட்டும் அலுங்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். கிளறினீர்களோ, தீய்ந்த வாடை முழுவதிலும் பரவும்.

பதம் பார்ப்பதில்தான் பலர் தவறுவார்கள். சூடாக இருக்கும்போது சரியான கெட்டியாகத் தெரியும் சாஸ், ஆறியதும் அல்வாவாகிவிடும். ஒரு சின்னத் தட்டைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, அதில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் தட்டைச் சாய்த்துப் பாருங்கள். தேன்போல் மெதுவாக இறங்கினால் சரி. அசையாமல் நின்றால் தண்ணீர் சேருங்கள். விறுவிறுவென்று ஓடினால் இன்னும் ஐந்து நிமிடம்.

உப்பைக் கடைசியில் சேர்க்கச் சொன்னதற்குக் காரணம், கெட்சப்பிலும் வூஸ்டரிலும் மஸ்டர்டிலும் ஏற்கனவே உப்பு இருப்பது. கொதித்து வற்றும்போது அது இன்னும் கூடும். ருசி பார்க்கக் கரண்டியை நக்காதீர்கள். வெறும் சாஸ் நாக்கில் எப்போதும் மிகையாகவே தெரியும். சரி என்று நினைத்து நிறுத்தினால் கறியோடு சேரும்போது சப்பென்று ஆகிவிடும். ஒரு துண்டு கறியிலோ ரொட்டியிலோ தொட்டுப் பாருங்கள். கரண்டியில் 'கொஞ்சம் தூக்கல்' என்று பட்டால் கறியில் அளவாக இருக்கும். வழுவழுப்பு வேண்டுமானால் ஆறவிட்டு மிக்சியில் ஒரு சுற்று. சூடாக அரைத்து மூடி பறந்து சுவர் முழுதும் சிவப்பானதை நானே துடைத்திருக்கிறேன்.

கெட்சப் பிடிக்காதவர்கள் 170 கிராம் தக்காளி விழுதோடு ஒரு கப் தண்ணீர், 3 மேசைக்கரண்டி வினிகர், 3 மேசைக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை கிராம்புப் பொடி கலந்துகொள்ளலாம். கிட்டத்தட்ட இரண்டு கப் கெட்சப்புக்கு ஈடாகும். இனிப்பு உங்கள் கைக்குள் இருக்கும் என்பதுதான் இதன் லாபம்.

மற்றவை, சுருக்கமாக

கிழக்கு கரோலைனா: ஆப்பிள் வினிகர் 2 கப், மிளகாய்ச் செதில் 1 மேசைக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி, மனம் கேட்டால் சர்க்கரை 1 மேசைக்கரண்டி. பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அடுப்பே வேண்டாம். அன்றே செய்து அன்றே ஊற்றினால் காரம் ஒரு பக்கம், புளிப்பு ஒரு பக்கமாக நிற்கும். லெக்சிங்டன் வகைக்கு இதிலேயே அரைக் கப் கெட்சப், கால் கப் தண்ணீர் சேர்த்து ஒரு கொதி.

தென் கரோலைனா: மஸ்டர்ட் விழுது 1 கப், வினிகர் அரைக் கப், தேன் மூன்றில் ஒரு பங்கு கப், வூஸ்டர் 1 தேக்கரண்டி, மிளகு, மிளகாய்த்தூள். பத்து நிமிடம் மெல்லிய கொதி. கடுகின் கசப்பு அடங்க அவ்வளவு நேரம் வேண்டும். நம் வீட்டுக் கடுகை அரைத்துச் செய்யலாம் என்று தோன்றும். செய்துபார்த்தேன். கறுப்புக் கடுகு கசப்பில் வெல்லும், வேண்டாம்.

அலபாமா வெள்ளைச் சாஸ்: மயோனைஸ் 1 கப், வினிகர் மூன்றில் ஒரு பங்கு கப், எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, கரகரப்பான மிளகு 1 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை. ஹார்ஸ்ராடிஷ் என்னும் நெடியுள்ள வேரின் துருவல் கிடைத்தால் ஒரு தேக்கரண்டி. அடித்துக் கலந்தால் போதும். அடுப்பில் வைத்தால் மயோனைஸ் திரிந்துவிடும், ஆகவே தணலிலும் தடவக் கூடாது. கோழி இறங்கிய பிறகே.

ஓவன்ஸ்பரோ பாணியில் ஆட்டுக்கறிக்கு நான் செய்வது: தண்ணீர் 1 கப், வூஸ்டர் அரைக் கப், வினிகர் கால் கப், பழுப்புச் சர்க்கரை 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி, கிராம்பும் பட்டையும் கலந்ததுபோல் மணக்கும் ஆல்ஸ்பைஸ் பொடி அரைத் தேக்கரண்டி, நசுக்கிய பூண்டு 2 பல். பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் கறுத்த, மெல்லிய நீராக நிற்கும். ஆட்டுத் தொடை வெந்துகொண்டிருக்கும்போது அரைமணிக்கு ஒருமுறை இதைத் தெளிக்கலாம். சர்க்கரை குறைவு, நீர் அதிகம், கருகாது. முன்னே சொன்ன சாஸ்களில் நம் நாக்குக்கு மிக அருகில் வருவது இதுதான் என்பேன். விருந்துக்கு வந்தவர்கள் 'என்ன மசாலா' என்று கேட்டது இதற்கு மட்டுமே.

தணலில் தடவும் முறை

கரியை அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் குவியுங்கள். மறுபாதி காலி. நல்ல சாஸைக் காப்பாற்றுவது இந்த ஒரே ஏற்பாடுதான். கரி முழுவதும் சாம்பல் பூத்த பிறகே கறியை வைக்க வேண்டும். உள்ளங்கையைக் கம்பிக்கு ஒரு சாண் மேலே நீட்டிப் பாருங்கள். தணல் பக்கம் இரண்டு மூன்று நொடிக்குமேல் தாங்காது. காலிப் பக்கம் ஏழெட்டு நொடி தாங்கும்.

கோழிக்காலையே எடுத்துக்கொள்வோம், என்னை அவமானப்படுத்திய அதே கோழிக்கால். சுடுவதற்கு ஒருமணி நேரம் முன்பு தோலை ஒற்றித் துடைத்து உப்பும் மிளகும் தடவிக் குளிர்பதனப் பெட்டியில் மூடாமல் வையுங்கள். உப்பு உள்ளே இறங்கும். சாஸின் சர்க்கரையும் தக்காளியும் எத்தனை நேரம் ஊறினாலும் மேல்தோலிலேயே நிற்கும். பிறகு காலிப் பக்கத்தில் அடுக்கி, மூடி போட்டு, அரைமணி. நடுவில் ஒருமுறை திருப்புங்கள். தோல் சுருங்கி, கொழுப்பு உருகிச் சொட்டத் தொடங்கும். சதையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல், வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். 70 டிகிரி தொட்டதும் தூரிகையை எடுக்கலாம்.

முதல் பூச்சு மெல்லியதாக, சாஸின் ஊடே தோல் தெரியும் அளவுக்கு. மூடி, நான்கு நிமிடம். தொட்டால் விரலில் ஒட்டும், ஆனால் வழியாது; அதுதான் இரண்டாம் பூச்சுக்கு நேரம். இப்படி மூன்று முறை. தடிமனாக ஒரே பூச்சு போட்டால் வெளிப்புறம் காய்ந்து உள்ளே சாஸ் ஈரமாகவே நின்று, தோலோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கடைசிப் பூச்சுக்குப் பின் தணல் பக்கம் நகர்த்தி, பக்கத்துக்கு முப்பது நாற்பது நொடி. சாஸ் சிறு குமிழ்களாகக் கொப்பளித்து ஓரங்களில் கருஞ்சிவப்பாக மாறும். இந்த ஒரு நிமிடம் கைபேசியைத் தொடாதீர்கள். கோழிக்குப் பாதுகாப்பான எல்லை 74 டிகிரி. தொடையும் காலும் 80ஐத் தாண்டினால்தான் எலும்போரம் இளகும் என்பது என் அனுபவம்.

பன்றி விலாவுக்கும் இதே முறை, நேரம் மட்டும் கூடும். பன்றித் தோள்பட்டையை உதிர்க்கும் பதத்துக்குக் கொண்டுவர உள்வெப்பம் 90 முதல் 96 டிகிரிவரை போக வேண்டும், அதற்குப் பல மணி நேரம் ஆகும். அதன்மேல் தடவுவதற்கு எதுவுமில்லை. உதிர்த்து, வினிகர் சாஸைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசைந்து, ருசி பார்த்து நிறுத்துங்கள்.

தடவுவதற்கு முன் சாஸை இரண்டு கிண்ணங்களாகப் பிரிப்பது கட்டாயம். ஒன்று தூரிகைக்கு, ஒன்று மேசைக்கு. பாதி வெந்த கறியைத் தொட்ட தூரிகை போய்வந்த கிண்ணத்தைப் பரிமாறக் கூடாது. மிச்சத்தைப் பாட்டிலில் திருப்பி ஊற்றவும் கூடாது. வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொண்டால் நன்றாகக் கொதிக்கவிட்டு அன்றே தீர்த்துவிடுங்கள்.

கைமீறினால்

இனிப்பு கூடிவிட்டால் உப்பைச் சேர்க்காதீர்கள், வினிகரைச் சேருங்கள், ஒவ்வொரு தேக்கரண்டியாக. புளிப்பு கூடிவிட்டால் சர்க்கரைக்கு முன் ஒரு துண்டு வெண்ணெயை முயன்று பாருங்கள், புளிப்பின் முனை மழுங்கும். காரம் கூடினால் கெட்சப். உப்பு கூடினால் மட்டும் குறுக்குவழி இல்லை. உப்பில்லாமல் பாதி அளவு சாஸ் புதிதாகச் செய்து கலக்க வேண்டும். திரவப் புகை கூடிவிட்டதென்றால், என் அனுபவத்தில், கொட்டிவிடுவதே வழி. அதனால், சேர்ப்பதானால் அதை அரைத் தேக்கரண்டியில் நிறுத்துங்கள்.

சேமிப்பு

கொதிநீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால், தக்காளிச் சாஸ் மூன்று வாரம் தாங்கும். மஸ்டர்ட் சாஸ் ஒரு மாதம். வினிகர் சாஸ் மாதக்கணக்கில் கெடாது, நாள் ஆக ஆக நன்றாகவே ஆகும். வெள்ளைச் சாஸ் ஒரே வாரம். ஊறுகாய்போல் வெளியே அலமாரியில் வைக்கும் ஆசை வேண்டாம். வெங்காயமும் பூண்டும் தண்ணீரும் சேர்ந்த பொருளுக்குப் புளிப்பு போதுமான அளவு இருக்கிறதா என்பதை நாக்கால் உறுதிசெய்ய முடியாது.

பாட்டிலில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். நான் ஒட்டவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, ஒரு மதியம் பெட்டியைத் திறந்து, கருஞ்சிவப்பாக, கெட்டியாக, புளியும் வெல்லமும் மணக்க இருந்ததை எடுத்து, சூடான சாதத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்துவிட்டார். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு என்னைக் கூப்பிட்டார். "புளிக்காய்ச்சல் பரவாயில்லை. வெல்லம்தான் கொஞ்சம் தூக்கல். வெந்தயம் வறுத்துப் போட மறந்துவிட்டாயா?"